குட்டைக் கரையில் கற்ற பாடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் கம்பனைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் அறிஞர்கள் பேசக் கேட்டு மகிழ்ந்தவன் நான். அவர்களைப் போலப் பேசும் புலமை எனக்கு இல்லை. "ஊர் நினைவு ஏதேனும் சொன்னாற் போதும்" என்று செயலாளர் அன்புடன் கூறியதனாலேயே துணிந்து வந்து நிற்கிறேன். நான் எடுத்துக்கொண்ட பொருள், ஊர்க்குட்டையில் மீன் பிடித்தல். மீன் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கக்கூடிய அன்பர்கள் இவ்வவையில் பலர் உளர் என்பதை அறிவேன். அவர்கள் அஞ்ச வேண்டா. நான் சொல்ல வந்தது மீனை உண்ட கதையன்று. ஒரு மீனை உண்ண முடியாமற்போன கதை.

நான் பிறந்தது சிவகங்கைச் சீமையில் ஒரு சிற்றூர். அக்காலத்தில் அது இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1985-ஆம் ஆண்டில்தான் சிவகங்கை தனி மாவட்டமாயிற்று. வற்றாத ஆறு எங்கள் பக்கத்தில் இல்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் மழையே எங்களுக்குக் காவிரி. அம்மழையைத் தேக்கி வைக்கும் பள்ளங்களே எங்களுக்குக் கடல்.

ஊரில் நீர்நிலைகள் மூன்று. ஒன்று ஊருணி. அது குடிநீருக்கு உரியது. அதில் காலை நனைத்தாலே வசவு கிடைக்கும், தூண்டிலைப் பற்றிப் பேச்சே இல்லை. மற்றொன்று கண்மாய். அது வயலுக்கு உரியது. அதில் மீன் பிடிக்க ஊர் குறித்த ஒரு நாள் உண்டு. மூன்றாவது, பனங்காட்டுக்குப் பின்னால் இருந்த குட்டை. அதற்குப் பெயரும் இல்லை; காவலும் இல்லை. மழை நாளில் ஆள் உயரத் தண்ணீர் நிற்கும். பங்குனியில் முழங்காலளவு ஆகும். வைகாசியில் வெடித்த சேறாகும். அக்குட்டை எங்களைப் போன்ற சிறுவர்களின் சொத்து.

எங்கள் கருவிகளைக் கேட்டால் நீங்கள் நகைப்பீர்கள். வேலி மூங்கிலில் வெட்டிய ஒரு கழி. சந்தையில் வாங்கிய முள். நாலு முழம் தங்கூசி. சோளத்தட்டையின் உள்நெட்டியில் நறுக்கிய தக்கை. கொட்டாங்கச்சியில் ஈரமண்ணோடு நெளியும் புழு. இவ்வளவே. ஆனால் அத்தக்கை தண்ணீரில் மிதக்கத் தொடங்கிவிட்டால் உலகம் முழுவதும் அந்த ஓரங்குல நெட்டிக்குள் அடங்கிவிடும். தக்கை நடுங்கினால் கெண்டை கொத்துகிறது என்று பொருள். ஒரு பக்கமாக இழுபட்டுச் சென்றால் கெளுத்தி. சட்டென்று காணாமற் போனால் விரால். கெண்டையைப் பிடித்தவன் சிறுவன். கெளுத்தியின் முள் குத்தாமல் கழற்றத் தெரிந்தவன் அண்ணன். விராலைப் பிடித்தவனே வீரன். எங்கள் சமுதாயத்தில் இருந்த படிநிலைகள் இவைதாம்.

மீன்களுக்கு உள்ள அறிவையும் ஆற்றலையும் அக்கரையில்தான் கண்டேன். விரால் தண்ணீருக்குள் மட்டும் மூச்சுவிட்டு வாழ இயலாத மீன். இடையிடையே மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுச் செல்லும். அது வாய் திறக்கும் ஒலியைக் கேட்டே இருப்பிடத்தை அறிவோம். குட்டை வற்றினால் அது மடிவதில்லை. ஈரச் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். பனையேறிக் கெண்டையோ புதுமழை பெய்த இரவில் செவுளை ஊன்றி ஈரப் புல்லின்மேல் நடந்தே வேறு நீர்நிலைக்குப் போகும். தரங்கம்பாடியில் இருந்த டால்டோர்ஃப் என்ற டேனிய அதிகாரி, அம்மீன் பனைமரத்தில் ஏறக் கண்டதாக எழுதிய குறிப்பு 1797-ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியாயிற்று. பனையில் ஏறியதை நான் கண்டதில்லை. வரப்பில் ஏறியதைப் பன்முறை கண்டிருக்கிறேன்.

கண்மாய்க்குரிய நாளைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். அறுவடை முடிந்து நீர் குறைந்ததும் ஊர் கூடி நாள் குறிக்கும். அதனை 'அழிகண்மாய்' என்போம். சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் செய்தி போகும். விடியும் முன்பே ஊத்தாவும் கச்சாவும் வலையும் ஏந்தி ஆயிரம் பேர் கரையில் நிற்பார்கள். ஐயனாரை வணங்கிவிட்டு ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அடுத்த நொடியில் கண்மாய் முழுவதும் மனிதத் தலைகள்! வேற்றூரான், உறவினன், ஏழை, செல்வன் என்ற வேறுபாடு அச்சேற்றில் தெரியாது. அன்று பிடித்த மீனை எங்கள் ஊரில் விற்பதில்லை. இறங்க இயலாத முதியவர் வீட்டுக்கும், ஆண் துணையற்ற வீட்டுக்கும் பங்கு போய்விடும். அன்று மாலை ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரே குழம்பின் மணம்.

இனி, நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

என் தந்தையார் நான் கைக்குழந்தையாக இருந்தபோதே காலமானார். என்னை வளர்த்தவர் பெரியப்பா. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்குத் தூண்டில் கட்டிக் கொடுத்தவரும் அவரே. அதிகம் பேசாத மனிதர்.

1963-ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். எனக்கு வயது பதினொன்று. மழை விட்டிருந்த ஒரு நாள் குட்டைக்குச் சென்றேன். நீர்ப்பூண்டுகளை ஒதுக்கிய ஓர் இடத்தில், செம்மணிகளை அள்ளித் தூவியது போல நூற்றுக்கணக்கான சிறு குஞ்சுகள் மேல்மட்டத்தில் மொய்த்துக்கொண்டிருந்தன. விராற் குஞ்சுகள். இளமையில் அவை செந்நிறமாகவே இருக்கும். அவற்றின் அடியில் கருநிழலாக ஒரு பெரிய விரால் அசையாமல் நின்றது. அவ்வளவு பெரிய மீனை அக்குட்டையில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பெரிய பையன்கள் சொன்ன தந்திரம் எனக்கு நினைவு வந்தது. ஒரு சிறு தவளையை முள்ளிற் கோத்துக் குஞ்சுகளின் நடுவே போட்டேன். தண்ணீர் வெடித்தது. கழி வில்லாக வளைந்தது. எப்படி இழுத்தேனோ அறியேன். என் முழங்கை நீள விரால் கரைப் புல்லில் கிடந்து துள்ளியது. அதைத் தோளிற் போட்டுக்கொண்டு ஊர் நடுத்தெரு வழியாக வீட்டுக்குச் சென்ற பெருமையை இன்றும் மறக்க இயலவில்லை.

பெரியம்மா மசாலை அரைத்தார். அம்மா புளி கரைத்தார். பெரியப்பா வயலிலிருந்து வந்தார். மீனைப் பார்த்தார். "எங்கே பிடித்தாய்?" என்றார். சொன்னேன். "குஞ்சு நின்றதா?" என்றார். "ஆமாம்" என்றேன். அவர் வேறொன்றும் கூறவில்லை. அன்றிரவு குழம்பைத் தொடாமல் மோர்ச் சோறு உண்டு எழுந்துவிட்டார். என்னை அடித்திருந்தால் அழுதுவிட்டு உறங்கியிருப்பேன். அவர் அடிக்காததுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தக் குழம்பு என் தொண்டையிலும் இறங்கவில்லை.

மறுநாள் மாலை, "வா" என்று என்னைக் குட்டைக்கு அழைத்துச் சென்று கரையில் உட்கார வைத்தார். செங்கூட்டம் சிதறிக் கிடந்தது. மீன்கொத்தி ஒன்று கிளையிலிருந்து பாய்ந்து பாய்ந்து எடுத்தது. கரையோரம் தண்ணீர்ப் பாம்பு சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த நாளும் போனோம். பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளே எஞ்சியிருந்தன. மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை. நீர் வெறுமையாக இருந்தது. அப்போதுதான் அவர் வாய் திறந்தார்.

"பசிச்சு வந்து கடிக்கிற மீனைப் பிடி, தம்பி. அது உனக்கும் அதுக்கும் உள்ள வழக்கு. குஞ்சைக் காத்து நிக்கிறது பசிக்காகக் கடிக்கலை. அதைப் பிடிக்கிறது பிடியில்லை."

அவ்வளவுதான். அதன் பிறகு அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. விரால் இனத்தில் தாய் மட்டுமன்றி ஆண்மீனும் முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் நிற்கும் என்று பின்னாளில் நூல்களிற் படித்தேன். படித்தபோது எனக்கு மீன் நினைவு வரவில்லை. பெரியப்பாவின் முகமே நினைவு வந்தது.

1974-ஆம் ஆண்டில் பிழைப்புத் தேடி நான் இக்கொல்கத்தா நகருக்கு வந்தேன். லேக் மார்க்கெட் அருகில் ஒரு சிற்றறையில் நால்வர் தங்கியிருந்தோம். அலுவலகத்தில் மொழி புரியாது. தெருவில் வழி தெரியாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு அச்சம். ஏனெனில் அன்று முழுவதும் ஊர் நினைவு வாட்டும். இதனைக் கண்ட என் மேலெழுத்தர், வயது முதிர்ந்த வங்காளி அன்பர், ஒரு ஞாயிறன்று சியால்தாவிலிருந்து இரயிலேற்றிப் பாருய்ப்பூர்ப் பக்கம் இருந்த தம் பூர்விக வீட்டுக்கு அழைத்துச் சென்றார். தமையனைத் 'தாதா' என்பது இந்நாட்டு வழக்கு. நானும் அவரை அவ்வாறே அழைத்தேன்.

வீட்டின் பின்புறம் ஒரு 'புகுர்'. நம் குட்டைதான்! ஒரு பக்கம் படித்துறை, சுற்றிலும் தென்னையும் வாழையும், தண்ணீரில் வாத்துகள். தாதா சிவ்விய மூங்கில் தூண்டிலை எடுத்தார். அதற்கு இங்கே 'சிப்' என்று பெயர், தக்கைக்கு 'பாத்னா', முள்ளுக்கு 'பொர்ஷி'. கடுகுப் பிண்ணாக்கை வறுத்து மணமூட்டி முதலில் நீரில் தூவி மீனை வரவழைத்தார். எறும்பு முட்டையை இரையாகக் கோத்தார். இக்கலையில் வங்காளியர் நம்மினும் பன்மடங்கு தேர்ந்தவர் என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். அன்று மாலை வரையில் மீன்களின் பெயர்களை மாற்றிக்கொண்டோம். நம் கெண்டை அவர்க்குப் 'பூன்ட்டி'. நம் கெளுத்தி 'டேங்ரா'. தேளி 'சிங்கி'. வாளை 'போயால்'. பனையேறி 'கொய்'. விரால் 'ஷோல்'. அலுவலகத்தில் ஆறு மாதம் கற்காத வங்க மொழியை அந்த ஒரு நாளிற் கற்றேன்.

அதன்பின் பல ஞாயிறுகள் அங்குச் சென்றேன். ஒரு மழைக்கால நாளில் தாதா தூண்டிலை வீச ஓங்கியவர் அப்படியே நின்றார். கோரைப் புல்லின் ஓரம் செம்மணிக் கூட்டம் ஒன்று மிதந்தது. கீழே கருநிழல். அவர் தூண்டிலைத் தாழ்த்தி, நரம்பைச் சுற்றிக்கொண்டு மறுகரைக்கு நடந்தார். "ஏன் தாதா?" என்றேன், விடை தெரிந்தும். அவர் திரும்பிப் பாராமலே, "மா ஆச்சே" என்றார். "தாய் இருக்கிறாள்" என்று பொருள்.

பெருமக்களே! ஆயிரம் கல் தொலைவில், வேறு மொழியில், என் பெரியப்பாவின் குரலை நான் கேட்டேன். இந்நகரம் எனக்கு அயலூர் அன்று என்ற எண்ணம் தோன்றிய நாள் அது. மொழி வேறு, சமையல் வேறு, வழிபாடு வேறு. ஆனால் குட்டைக்கரை அறம் ஒன்று. நாம் ஊத்தா என்று சொல்லும் அடியில்லாக் கூடையை இங்கே 'போலோ' என்கின்றனர்; அசாமிலும் அதே கூடை, அதே வழக்கு. அம்மாநிலத்து மரிகாவுன் மாவட்டத்தில் தை மாதத்தில் நடக்கும் ஜோன்பீல் மேளாவில் மலைவாழ் மக்களும் சமவெளி மக்களும் கூடி ஒரே ஏரியில் மீன் பிடிக்கின்றனர். நம் அழிகண்மாயின் உடன்பிறப்பே அது.

இன்னொரு செய்தியும் உண்டு. நம் ஊர்க் கண்மாய்களில் இன்று வளர்க்கப்படும் கட்லாவும் ரோகுவும் மிர்காலும் காவிரிக்கும் வைகைக்கும் பூர்விகமானவை அல்ல. அவை கங்கையின் மீன்கள். தேங்கிய நீரில் அவை தாமாக முட்டையிடா; பெருக்கெடுத்தோடும் ஆற்றையே நாடும். ஆகவே முன்னாளில் ஆற்று வெள்ளத்திலிருந்து அவற்றின் குஞ்சுகளை வாரியெடுத்தே குளங்களில் விட்டனர். 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் ஒரிசாவின் அங்குல் என்னுமிடத்தில் ஹீராலால் சௌத்ரி என்ற வங்காள அறிஞரும் கே. எச். அலிகுன்ஹி என்ற கேரள அறிஞரும், மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசியால் செலுத்திக் குளத்து மீனை முட்டையிடச் செய்து வெற்றி கண்டனர். அந்நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. கங்கை மீன் தெற்கே குடியேறியது; வைகைக்கரை மனிதனாகிய நான் வடக்கே குடியேறினேன். இருவரும் புதிய நீரில் பிழைத்துக்கொண்டோம்!

குடியேறுவது எப்போதும் நன்மையே என்றும் சொல்ல இயலாது. 1952-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொணரப்பட்ட ஆப்பிரிக்க மீனாகிய சிலேபிக் கெண்டை, குட்டைதோறும் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வந்த இடத்தில் இருப்பவரை நெருக்காமல் வாழ்வது மீனுக்கும் தெரிய வேண்டும். மனிதர்க்கும் தெரிய வேண்டும்.

என் பனங்காட்டுக் குட்டை இன்று இல்லை. 1990-களில் அதனை மண்ணடித்து மேடாக்கிவிட்டனர். எங்கள் கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை குத்தகைக்குப் போயிற்று. வெள்ளைத் துண்டு வீசும் நாள் எங்கள் ஊரில் நின்றுபோயிற்று. அதற்காக யாரையும் நான் குறைகூற வரவில்லை. குட்டையை விட்டுவிட்டு வந்தவர்களில் நானும் ஒருவன். காவல் நின்றவர்கள் போய்விட்டால் குஞ்சுகள் என்னாகும் என்பதைப் பதினொரு வயதிலேயே கண்டவன், அறுபது வயதில் அதனை மறுபடியும் கண்டேன்.

ஆயினும் இழந்ததையே எண்ணி இருத்தல் தகாது. 2023-ஆம் ஆண்டில் வெளியான நீர்நிலைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் 24 இலட்சத்துக்கு மேற்பட்ட நீர்நிலைகள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 7 இலட்சத்து 47 ஆயிரம் நாம் வாழும் மேற்கு வங்கத்தில் உள்ளன. தமிழ்நாட்டில் ஒரு இலட்சத்துக்கு மேல். இம்மாநிலத்தின் உள்நாட்டு மீன்வளச் சட்டம் 1984-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1993-இல் அதிற் சேர்க்கப்பட்ட விதி, ஐந்து கட்டா அளவுள்ள சிறு குளத்தையும் தூர்க்கக் கூடாது என்கிறது. நம் நகரின் கிழக்கே 12,500 ஹெக்டேர் பரப்பில் விரிந்த சதுப்பு நிலத்தில், இந்நகரின் கழிவு நீரையே வெயிலின் துணையால் தூய்மையாக்கி, மீனவர்கள் மீன் வளர்க்கின்றனர். 2002-ஆம் ஆண்டில் அது உலகம் மதிக்கும் ராம்சார் நிலமாக அறிவிக்கப்பட்டது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதனைப் பார்த்திருக்கின்றனர்? சங்கத்தின் சார்பில் ஆண்டுக்கொரு முறை சுற்றுலா செல்கிறோம். அடுத்த முறை அங்கே செல்லலாம் என்பது என் வேண்டுகோள். மீன் உண்ணாத அன்பர்களும் வரலாம். நீர் எல்லார்க்கும் பொது.

முடிவாக ஒன்று சொல்லி அமர்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம் ஊருக்குச் சென்றிருந்தேன். நல்ல மழை. கண்மாயின் மூலையில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் தூண்டிலுடன் நின்றான். அவன் எதிரே, அறுபது ஆண்டுகளுக்கு முன் நான் கண்ட அதே செம்மணிக் கூட்டம். என் நெஞ்சு படபடத்தது. அருகிற் சென்று, "தம்பி, குஞ்சு நிக்குதப்பா. அதுக்குக் காவல் நிக்கிற மீனைப் பிடிக்காதே" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "தாத்தா, நீங்க எந்த ஊரு?" என்றான்.

அந்த ஊரிற் பிறந்தவன் நான். அவன் நின்ற கரையில் அவன் தாத்தாவோடு ஓடி விளையாடியவன். ஆனாலும் அவன் கேள்விக்கு உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. சற்று நேரம் கழித்து, "இந்த ஊருதான், தம்பி. ரொம்ப நாளா வெளியூர்ல இருக்கேன்" என்றேன். அவன் நம்பினானோ இல்லையோ, தங்கூசியைக் கழியில் சுற்றிக்கொண்டு மறுகரைக்கு நடந்தான்.

என் பெரியப்பா எனக்குத் தந்ததை அவனிடம் சேர்த்துவிட்டேன் என்ற நிறைவோடு திரும்பினேன். ஊரை விட்டு வந்தவனுக்கும் ஊருக்குச் செய்யக்கூடிய தொண்டு ஒன்று எஞ்சியிருக்கிறது.